கை நனைக்காத பிள்ளை

காலைச் சமையலுக்குப் புதிதாக வந்திருக்கிற பெண்களுக்கும், சத்துணவுக் கூடத்தில் இனிமேல் கரண்டி பிடிக்கப் போகிறவர்களுக்கும் இதை எழுதுகிறேன். எப்படி ஆக்குவது என்று சொல்ல மாட்டேன். ஆக்கத் தெரியாமலா வந்திருப்பீர்கள். பருப்பு வேகாத நாளில் என்ன செய்வது, அரிசி வராத நாளில் யாரைப் பார்ப்பது, எல்லாம் கொஞ்ச நாளில் கைக்கு வந்துவிடும்.

கைக்கு லேசில் வராதது ஒன்று உண்டு. அதைத்தான் சொல்ல வேண்டும். நான் ஐந்தாவதோடு நின்றவள். நீட்டி எழுத வராது.

நான் வேலைக்குச் சேர்ந்த அன்றைக்கு, எனக்கு முன்னால் அங்கே ஆக்கிக்கொண்டிருந்த அம்மா ஒன்றே ஒன்று சொன்னார். "சோறு போடுறப்ப மூஞ்சியப் பாக்காத. தட்டப் பாரு. மூஞ்சி சிரிக்கும்." அவ்வளவுதான் சொன்னார். அப்போது புரியவில்லை. பிறகு புரிந்தது. பசிக்கிற பிள்ளை பசி இல்லை என்று சிரிக்கும். வீட்டில் அடி வாங்கிவிட்டு வந்த பிள்ளையும் சிரிக்கும். தட்டு அப்படியில்லை. யார் ரெண்டாவது தரம் வருகிறார்கள், யார் முட்டையைத் தாளில் சுற்றிப் பைக்குள் வைக்கிறார்கள், யார் திடீரென்று வரிசையில் பின்னால் போய் நிற்கிறார்கள், எல்லாம் தட்டில் தெரியும்.

ஊர் உடையார்பாளையம் பக்கம். பேரை விட்டுவிடுகிறேன். ஏன் என்று படித்து முடித்தால் தெரியும். பிள்ளையின் பேரையும் அவள் வீட்டார் பேரையும் மாற்றித்தான் எழுதுகிறேன். பிள்ளை பேர் அபிநயா என்று வைத்துக்கொள்ளுங்கள்.

எட்டாவது படித்தாள். நல்ல கணக்குப் பிள்ளை. நான் கூடத்தில் இருந்தபடியே கேட்பேன், டீச்சர் கேள்வி கேட்டு முடிக்கும் முன்பே இவள் குரல் வரும். அவளிடம் ஒரு கெட்ட பழக்கம், எல்லாரையும் நக்கல் பண்ணுவாள். என்னையும்தான். "ஆயாம்மா, சாம்பார்ல பருப்பு நீச்சல் அடிக்குது, புடிச்சுப் போடுங்க" என்பாள்.

ஒருநாள் ஸ்பூனோடு வந்து நின்றாள்.

நம் பக்கம் பிள்ளைகள் ஸ்பூனில் சோறு தின்று யார் பார்த்தது. வரிசை மொத்தமும் சிரித்தது. "துரைசானி வந்துட்டாங்க, வழி வுடுங்கடா" என்றான் ஒருவன். "டவுன்காரிடி இவ, கை நனைக்க மாட்டா" என்றாள் ஒருத்தி. அபிநயாவும் சேர்ந்து சிரித்தாள். "ஆமாண்டி, நான் கலெக்டராவப் போறேன், இப்பவே பழகுறேன்" என்றாள்.

நானும் சிரித்துவிட்டேன். ஆனால் மறுநாளும் ஸ்பூன். அதற்கு மறுநாளும். முட்டையில் தடவியிருக்கிற மிளகுத்தூளை ஸ்பூனால் சுரண்டித் தள்ளிவிட்டுத் தின்றாள். குழாயடியில் தட்டைக் கழுவும்போது மணிக்கட்டால் அணைத்துப் பிடித்துக் கழுவினாள். விரல் தண்ணீரில் படவே இல்லை.

அந்த வாரம்தான் கணக்கு டீச்சர் கூடத்துக்கு வந்தார். பெரம்பலூர்ப் பக்கத்துப் பெண். வேலைக்கு வந்து அதிக நாள் ஆகவில்லை. பிள்ளைகள்மேல் உயிரை வைத்திருப்பவர்.

"அக்கா, அபிநயா சரியா சாப்பிடுறாளா?"

"ஏன் டீச்சர்?"

"பதில் வாயில வருதுக்கா. எழுதுன்னா எழுத மாட்டேங்குறா. பாதியில நிறுத்திடுறா. எழுத்து கோணல் மாணலா போவுது. வகுப்புல தூங்குறா. உதவித்தொகைப் பரிட்சைக்கு இவளத்தான் நம்பியிருக்கேன். இப்படியே போனா பேரைக் குடுக்க வேணாம்னு ஹெச்.எம். சொல்றாரு."

எட்டாவது பிள்ளைகளுக்கு அப்படி ஒரு பரிட்சை உண்டு. தேறினால் மேலே படிக்கும்வரை உதவி வரும். அந்த வீட்டில் ஒரு பெண்பிள்ளையை ஒன்பதாவதுக்கு டவுனுக்கு அனுப்ப வேண்டுமென்றால் அப்படி ஏதாவது ஒரு காரணம் வேண்டும். இல்லாவிட்டால் எட்டாவதோடு சரி. அது எனக்கும் தெரியும், டீச்சருக்கும் தெரியும்.

டீச்சர் கோணல் எழுத்தைப் பார்த்தார். நான் ஸ்பூனைப் பார்த்தேன். ரெண்டையும் சேர்த்துப் பேசினபோதுதான் ரெண்டு பேருக்கும் விஷயம் தெரிந்தது. அவளைக் கூடத்துக்குக் கூப்பிட்டோம். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாள்.

"கையக் காட்டு பாப்பா."

"மருதாணி டீச்சர். கறுத்துப் போச்சு."

காட்டினாள். விரல் நுனியெல்லாம் கறுத்துத் தோல் உரிந்து, உள்ளே சிவப்பாக இருந்தது.

முந்திரிக்கொட்டை. ஓட்டுக்குள் ஒரு எண்ணெய் உண்டு. பட்டால் தோலைத் தின்றுவிடும். எங்கள் பக்கம் நிறைய வீடுகளில் அதுதான் பிழைப்பு. வியாபாரி மூட்டையை இறக்கிவிட்டுப் போவான், வறுத்து உடைத்துப் பருப்பாகக் கொடுக்க வேண்டும். பெரியவர்கள் சாம்பலைத் தொட்டுக்கொண்டு உடைப்பார்கள். காய்த்துப்போன கைக்கு அது போதும். பிள்ளைக் கைக்குப் போதாது. அந்த விரலில் காரம் பட்டால் உயிர் போய்விடும். பேனாவை அழுத்திப் பிடித்தாலும் அப்படித்தான்.

அவள் அப்பா சிமெண்டு ஆலைக்குச் சுண்ணாம்புக்கல் ஏற்றும் லாரியில் ஓடினவர். லாரி கவிழ்ந்து இடுப்பு போய்விட்டது. படுக்கையில் கிடந்தார். அம்மா வளர்மதி ஒருத்திதான் கொட்டை உடைத்து எல்லாருக்கும் கஞ்சி ஊற்றிக்கொண்டிருந்தாள். மூத்தவள் அபிநயாவைத் துணைக்கு உட்கார வைத்திருக்கிறாள். விடிவதற்கு முன்னாலும் பள்ளிக்கூடம் விட்டுப் போன பின்னாலும்.

"வூட்டுல சொல்லிடாதீங்க டீச்சர்" என்றாள் அபிநயா. அப்போது நக்கல் எதுவும் இல்லை.

அவள் போன பிறகு டீச்சர் சுவரைப் பார்த்தார். பிள்ளைகளுக்கு ஆபத்து என்றால் கூப்பிட வேண்டிய நம்பர் அங்கே எழுதியிருக்கும். உங்கள் பள்ளிக்கூடத்திலும் இருக்கும்.

"கொஞ்சம் பொறுங்க டீச்சர். நான் வளர்மதிகிட்டப் பேசிப் பாக்குறேன். எங்க தெருதான்."

"எப்பக்கா பேசுவீங்க? கை அழுகுற மாதிரி இருக்குக்கா."

அவர் பொறுக்கவில்லை. அவர் செய்தது சரி. இதை நன்றாகக் கேட்டுக்கொள்ளுங்கள். அவர் போன் போட்டது தப்பு என்று நான் எங்கேயும் சொல்லவில்லை. அந்தப் போன் இல்லாவிட்டால் அந்தக் கை ஆறியிருக்காது. ஆனால் போன் போடுவது ஒரு வேலை. மறுநாள் அந்தத் தாய் வந்து நிற்கும்போது யார் முன்னால் போய் நிற்பது என்பது இன்னொரு வேலை. அதை நாங்கள் யோசிக்கவில்லை.

பிள்ளைகள் பாதுகாப்பு ஆபீஸிலிருந்து ஜீப்பில் வந்தார்கள். நேரே வீட்டுக்கே போனார்கள். அப்பாவுக்கு ஊனமுற்றோர் உதவிக்கு எழுதிக்கொண்டார்கள். நல்லபடியாகத்தான் பேசினார்களாம். ஆனால் இனிப் பிள்ளையைக் கொட்டையில் உட்கார வைத்தால் வழக்கு வரும் என்றும் சொல்லியிருக்கிறார்கள். தெருவே கூடி நின்று பார்த்திருக்கிறது.

மறுநாள் மத்தியானம் சோற்று வரிசை நின்றுகொண்டிருந்தது. வளர்மதி கேட்டைத் தள்ளிக்கொண்டு வந்தாள். கைச் சாம்பலைக்கூடக் கழுவவில்லை.

"எவ சொன்னது? எம் வூட்டு வாசல்ல ஜீப்பக் கொண்டாந்து நிப்பாட்டுனது எவ? பெத்த பிள்ளைய வெச்சு வேல வாங்குறியான்னு மூஞ்சிக்கு நேரா கேக்குறாங்க. இடுப்பொடிஞ்சு கெடக்குற ஆளுக்குக் கஞ்சி ஊத்துறது யாரு? அவங்களா?"

அவள் கேட்டதில் நியாயம் இருந்தது. பிள்ளைகள் தட்டோடு ஒதுங்கினார்கள். டீச்சர் வராந்தாவில் நின்றார். முகம் வெளுத்துவிட்டது. வாயைத் திறக்கப் போகிறார் என்று தெரிந்தது. டீச்சருக்குப் பொய் வராது. எனக்கு அதுதான் பயம்.

யோசிக்க நேரம் இல்லை. ஒன்று மட்டும் தோன்றியது. ஜீப்பைக் கொண்டுவந்தவள் டீச்சர் என்று தெரிந்தால், அந்த டீச்சர் வகுப்புக்கு இந்தத் தாய் எப்படித் தினமும் பிள்ளையை அனுப்புவாள்? நின்றுவிடும். அன்றைக்கே நின்றுவிடும். சமையல்காரி என்றால் அப்படி இல்லை. சமையல்காரியைத் திட்டலாம். தெருவில் வைத்து இன்னொரு தரம் திட்டலாம். அவளைத் திட்டிவிட்டுப் பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பலாம்.

"நான்தான் சொன்னேன்" என்றேன்.

வளர்மதி என்னைப் பார்த்தாள். "நீங்களா பெரியம்மா?" என்றாள். சத்தமே இல்லாமல் கேட்டாள். பிறகு, "நீயா?" என்றாள்.

அந்த ரெண்டு வார்த்தைக்கு நடுவில் எவ்வளவோ போய்விட்டது. என்னை 'நீ' என்று அவள் அதுவரை சொன்னதில்லை.

"எங் கல்யாணப் பந்தியில நின்னு பரிமாறுனவதான நீ? அன்னைக்கிச் சோறு போட்ட கையால இன்னைக்கி மண்ண அள்ளிப் போட்டியே."

"பிள்ளை கையப் பாத்தேன். மனசு கேக்கல."

"எங் கையப் பாத்தியா?" என்று ரெண்டு கையையும் நீட்டினாள். "இதப் பாத்து கேட்டுச்சா மனசு?"

 

மகளின் தோளைப் பிடித்து இழுத்தாள். "வாடி வூட்டுக்கு. படிச்சுக் கிழிச்சது போதும்." அபிநயா நகரவில்லை. தட்டைப் பிடித்தபடி நின்றாள். தட்டு ஆடிக்கொண்டிருந்தது.

நான் சொன்னேன். "எம்மேல கோவம்னா எம்மேல காட்டு வளரு. என்னைய என்ன வேணா பேசு, நின்னு கேட்டுக்கறேன். வகுப்பு என்ன பண்ணுச்சு? டீச்சர் என்ன பண்ணுச்சு? பரிட்சை வருது. அதுக்கு அனுப்பு."

அவள் வராந்தாவைப் பார்த்தாள். டீச்சர் அசையவில்லை. நல்லவேளை.

வளர்மதி மகள் கையிலிருந்த தட்டைப் பிடுங்கித் தரையில் கவிழ்த்தாள். "பள்ளிக்கூடத்துக்கு வா. டீச்சரு சொல்றதப் படி. ஆனா இவ ஆக்குன சோத்துல நீ கை நனைச்சேன்னு எங் காதுல வுழுந்துச்சு, அன்னையோட படிப்பு நின்னுச்சு."

நம் பக்கம் பகை வந்தால் அப்படித்தான். பேச்சு நிற்கும் முன்னே கை நனைப்பது நின்றுவிடும். ஜாதிக்காகக் கை நனைக்காதவர்களையும் நான் பார்த்திருக்கிறேன். அது வேறு, அதற்கு நான் இறங்கிப் போக மாட்டேன். இது வயிற்றெரிச்சல். நானும் வளர்மதியும் ஒரே தெரு, ஒரே சனம்.

அவள் போன பிறகு டீச்சர் கூடத்துக்கு வந்து அழுதார். "நானே சொல்லிடறேங்க்கா" என்றார்.

"சொல்லாதீங்க. நீங்க செஞ்சது சரி. இப்ப வாய மூடிக்கிட்டுப் பாடம் நடத்துங்க. அதான் உங்க வேல."

பிள்ளை படிப்பு பிழைத்தது என்று நினைத்தேன். மத்தியானச் சோறு போய்விட்டது என்பது அடுத்த நாள்தான் உறைத்தது.

வீட்டிலிருந்து அவள் ஒன்றும் கொண்டுவரவில்லை. கொண்டுவர அங்கே என்ன இருக்கிறது. மணி அடித்ததும் மற்றப் பிள்ளைகள் கூடத்துக்கு ஓடிவருவார்கள். இவள் வகுப்பிலேயே உட்கார்ந்திருப்பாள். குழாயில் தண்ணீர் குடிப்பாள். டீச்சர் தன் டிபனைக் கொடுத்தார். ஒருநாள் தின்றாள். நான் டீச்சரைத் தடுத்துவிட்டேன். "நீங்க ஊட்டுறீங்கன்னு அவ அம்மா காதுக்குப் போனா, கோவம் உங்க பக்கம் திரும்பிரும். நான் திட்டு வாங்கிக்கிட்டது வீணாப் போயிரும்." டீச்சர் என்னைப் பார்த்த பார்வை எனக்குப் பிடிக்கவில்லை. பசிக்கிற பிள்ளைக்குச் சோற்றைத் தடுக்கிற சமையல்காரி. ஆனால் தடுத்தேன்.

கை ஆற ஆரம்பித்தது. ஜீப்புக்குப் பயந்து வளர்மதி அவளைக் கொட்டைப் பக்கமே விடவில்லை. பேனா பிடிக்க முடிந்தது. ஆனால் மத்தியானத்துக்கு மேல் தலை கவிழ்ந்துவிடும். டீச்சர் கூடத்து வாசலில் வந்து நின்று, "நாலாவது கணக்குலயே நின்னுடறாக்கா" என்பார். பரிட்சை நெருங்கிக்கொண்டிருந்தது. வீட்டில் எனக்குச் சோறு இறங்கவில்லை. இத்தனை பிள்ளைக்கு ஆக்கிப் போடுகிறேன், ஒரு பிள்ளைக்கு என் கையே விலங்கு மாதிரி ஆகிவிட்டது.

வளர்மதி சொன்னதைத் திரும்பத் திரும்ப யோசித்தேன். பள்ளிக்கூடத்துச் சோறு என்று அவள் சொல்லவில்லை. இவ ஆக்குன சோறு என்றாள். அவள் வார்த்தைக்குக் குறுக்கே போகாமல் ஒரு வழி இருந்தது.

லூர்து என்று எனக்கு உதவியாள் ஒருத்தி. வரதராசன்பேட்டைப் பெண். காய் நறுக்குவது, பாத்திரம் கழுவுவது அவள் வேலை. அவளிடம் சொன்னேன். "நாளையிலேர்ந்து நீ ஆக்கு. நான் கழுவுறேன்."

"ஒங்களுக்கு என்ன, கிறுக்குப் புடிச்சிருச்சா?" என்றாள். "நான் ஆக்குனா எம் புருசனே சாப்புட மாட்டான். மாதாவே, பிள்ளைங்க என்ன பாவம் பண்ணுச்சு?"

"உப்பு நான் சொல்றேன். கரண்டி நீ புடி."

விஷயத்தைச் சொன்னதும் விளையாட்டை விட்டுவிட்டாள். சத்துணவு அமைப்பாளரிடம் கேட்டேன். "ரெண்டு பேரும் ஒத்துமையா செஞ்சா எனக்கென்ன" என்றார்.

அன்று சாயங்காலம் லூர்து வளர்மதி வீட்டுக்குப் போனாள். வந்து சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"ஆக்குறது இப்ப நாந்தான், வளருக்கா. பிள்ளைய அனுப்பு."

"ஏன், அந்தம்மா எங்க?"

"பாத்திரம் கழுவுது."

வளர்மதி கொட்டையை உடைத்துக்கொண்டே இருந்தாளாம். பிறகு, "கழுவட்டும்" என்றாளாம்.

அந்த ஒரு வார்த்தை போதும் என்றேன். தெரு முன்னால் அவளைத் தலைகுனிய வைத்தாகிவிட்டது. இப்போது நானும் குனிந்தேன் என்று அவளுக்குத் தெரிந்தது. சத்துணவு ஆபீஸில் என்னை இறக்கிவிட்டார்கள் என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். நான் திருத்தவில்லை. கழுவினேன்.

மறுநாள் அபிநயா வரிசையில் வந்து நின்றாள். லூர்து ஆக்கிய தக்காளிச் சாதம் குழைந்து கிடந்தது. தின்றாள். நான் குழாயடியில் திரும்பி உட்கார்ந்துகொண்டேன். பார்க்கிறேன் என்று தெரிந்தால் அவளுக்கு இறங்காது.

பரிட்சை டவுனில். ஹெச்.எம். வேன் பேசியிருந்தார். காலையில் பள்ளிக்கூட வாசலில் எல்லாரும் கூட வேண்டும். விடுமுறை நாள். எங்களுக்கு வேலை இல்லை. இருந்தும் நானும் லூர்துவும் கூடத்தைக் கழுவ வந்தோம் என்று பேர் பண்ணிக்கொண்டு வந்துவிட்டோம். நான் வெளியே போகவில்லை. வளர்மதி பிள்ளையைக் கொண்டுவந்து விட்டு, என் முகத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போய்விட்டால்? அண்டாவுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தேன். லூர்து ஜன்னலில் நின்றாள்.

"வந்துட்டாளா?"

"இல்ல. மத்த பிள்ளைங்க ஏறிட்டாங்க."

வேன்காரர் ஹாரன் அடித்தார். டீச்சர் ரோட்டில் இறங்கி நின்று பார்க்கிறார் என்றாள் லூர்து. இன்னொரு ஹாரன்.  துணியை முறுக்கிப் பிழிந்துகொண்டே இருந்தேன். அதில் தண்ணீரே இல்லை.

"வருது. அம்மாவும் பிள்ளையும் வருது."

"ஏறுறாளா?"

"இல்ல. அவ அம்மா நிக்கிது. டீச்சர்கிட்ட ஏதோ கேக்குது."

"என்ன கேக்குது?"

"எனக்கென்ன காதா நீட்டிக்கிட்டு இருக்கு? சும்மா இருங்க... டீச்சர் தலைய ஆட்டுது... இந்தப் பக்கம் பாக்குது."

"யாரு?"

"வளர்மதி. கூடத்தப் பாக்குது."

நான் தலையை இன்னும் குனிந்துகொண்டேன்.

"பிள்ளைக்கி முடிய ஒதுக்கி விடுது... ஏறிட்டா. ஏறிட்டா பெரியம்மா. வண்டி கெளம்பிருச்சு."

தேறினாளா என்று கேட்பீர்கள். தேறவில்லை. கொஞ்சத்தில் போய்விட்டது என்று டீச்சர் சொன்னார். பசியோடு உட்கார்ந்திருந்த அந்த நாட்களில் போன கணக்குகள்தான் அது என்று அவர் நினைத்தார். நானும் அப்படித்தான் நினைக்கிறேன். யாராலும் அதை இனித் திருப்பித் தர முடியாது.

ஆனால் ஒன்பதாவதுக்கு அனுப்பினாள் வளர்மதி. ஏன் என்று எனக்குத் தெரியாது. கேட்கிற நிலையில் நான் இல்லை. டீச்சர் வேறு மாவட்டத்துக்கு மாறிப் போய்விட்டார். அபிநயா இப்போது பிளஸ் ஒன் படிக்கிறாள். என்னைக் கண்டால் சிரிப்பாள், அம்மா பக்கத்தில் இல்லாவிட்டால். வளர்மதி இன்னும் என்னோடு பேசுவதில்லை.

இதிலிருந்து உங்களுக்குச் சொல்ல எனக்குத் தெரிந்தது கொஞ்சம்தான். சந்தேகம் வந்தால் டீச்சரிடம் சொல்லுங்கள், மறைக்காதீர்கள். போன் போட வேண்டியிருந்தால் போடுங்கள். மறுநாள் திட்டு வாங்கப் போவது யார் என்று முதலிலேயே பேசி வைத்துக்கொள்ளுங்கள். அது நாமாக இருப்பதுதான் நல்லது. நம்மைத் திட்டினால் பள்ளிக்கூடம் நிற்காது. திட்டுகிறவளுக்கும் ஒரு நியாயம் இருக்கும், எதிர்த்துப் பேசாதீர்கள்.

அந்த வீட்டில் சின்னவள் ஒருத்தி இருக்கிறாள். மூன்றாவது படிக்கிறாள்.

ஓய்வு பெற்ற பிறகும் காலையில் நான் எங்கள் தெருவின் அந்தக் கோடி வழியாகத்தான் பால் வாங்கப் போகிறேன். சுற்று வழிதான். வளர்மதி வீட்டுப் பக்கம் வந்தால் நடை தானாகவே குறைந்துவிடும். கொட்டை உடைக்கிற கட்டைச் சத்தம் ரோடு வரைக்கும் கேட்கும். காதைக் கொடுத்துக் கேட்பேன். ஒரு கட்டை விழுகிற சத்தம்தானா, கூடவே இன்னொன்று சின்னதாக விழுகிறதா என்று.

இன்று காலை வரை ஒன்றுதான்.